நாற்பது வீட்டு அரிசி

டிசம்பர் முதல் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, பள்ளிவாசலின் பின்பக்க அறையில் நீல டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டு அரிசியைக் கிளறிக்கொண்டிருந்தேன். வெளியே மூன்று நாளாக விடாத மழை. கையை எடுத்துப் பார்த்தால் மணிக்கட்டுக்கு மேல் ஒரு வண்டு ஏறிப் போய்க்கொண்டிருக்கிறது. எள் அளவுதான் இருக்கும். மூக்கை நீட்டிக்கொண்டு, சொந்த வீட்டு மாடிப்படி ஏறுகிற மாதிரி நிதானமாக ஏறியது. அது ஒன்று மட்டும் என்றால் தட்டிவிட்டுப் போயிருப்பேன். இன்னொரு கை அரிசியை அள்ளி வெளிச்சத்தில் பிடித்தேன். அதில் ஏழு இருந்தன.

என் பெயர் கலீமுல்லா. வயது ஐம்பத்தாறு. மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மிக்ஸி, கிரைண்டர், ஸ்டெபிலைசர் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறேன். எங்கள் பள்ளிவாசலில் எனக்குப் பதவி எதுவும் கிடையாது. ஒரே ஒரு வேலைதான், பிடி அரிசி. பக்ரீத் முடிந்ததும் நாற்பது வீடுகளுக்கு வீட்டுக்கொரு தகர டப்பா கொடுப்போம். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை அந்த டப்பாவில் போட வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் நான் போய் டப்பாக்களைக் காலி செய்து, கொண்டுவந்து பள்ளிவாசலில் இருக்கிற மூன்று டிரம்களில் கொட்டுவேன். ரமலானில் முப்பது நாள் நோன்புக் கஞ்சிக்கு அரசாங்கம் தருகிற அரிசி பாதிக்கு வரும், மீதிப் பாதி இதுதான். பொன்னி, ரேஷன், இட்லி அரிசி, ஒன்றிரண்டு வசதியான வீட்டுப் பாசுமதி எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். இதெல்லாம் ஒரே நேரத்தில் வேகுமா என்று கேட்பார்கள். வேகாது. பாதி கரைந்து பாதி பல்லில் படுவதுதான் எங்கள் பள்ளிவாசல் கஞ்சியின் ருசி.

போன வருஷம் நோன்புக்குப் பத்து நாள் முன்னால் டிரம்மைத் திறந்தபோது அரிசி தானாக நகர்ந்தது. மிகைப்படுத்தவில்லை, மேற்பரப்பு முழுக்க நகர்ந்தது. உள்ளே கட்டி கட்டியாக நூல் பின்னி, மாவு உதிர்ந்து, ஒரு புளித்த வாடை. முகர்ந்து பார்த்த என் மனைவி அமீனா பீ முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனவள்தான், அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. நானே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு மாட்டுக் கொட்டகையில் கொட்டிவிட்டு வந்தேன். ஜமாஅத் தலைவர் அப்துல் சமத் பாய் திட்டவில்லை. கட்டடம் கட்டுகிற ஒருவரிடம் சொல்லி, மூட்டை மூட்டையாக நல்ல அரிசி வரவழைத்தார். கஞ்சி ஒரு நாள்கூட நிற்கவில்லை. எல்லோரும் குடித்தார்கள். அன்வரி ஆபா மட்டும் குடிக்கவில்லை.

அன்வரி பேகத்தைத் தெருவில் எல்லோரும் ஆபா என்பார்கள், அதாவது அக்கா. வீட்டுக்காரர் தவறிப்போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. பள்ளிவாசலுக்கு மூன்றாவது கட்டடத்தின் மாடியில் ஒற்றை அறை. தி.நகர் தையற்கடைகளிலிருந்து ரவிக்கைகளை மூட்டையாக வாங்கி வந்து ஹூக் வைத்து, ஓரம் தைத்துக் கொடுக்கிறார். அவர் டப்பாவில் வாராவாரம் சரியாக ஏழு பிடி அரிசி இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் உலை வைக்கிறார் என்று அதை வைத்தே எனக்குத் தெரியும். போன ரமலானில் இருபது நோன்பு கடந்த பிறகுதான் வரிசையில் ஆபாவின் தூக்குவாளியைக் காணோம் என்பது எனக்கு உறைத்தது. மாடிக்குப் போய்ப் பார்த்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நோன்பு திறக்க எடுத்து வைத்திருந்த ஒரு பன்னும் இரண்டு பேரீச்சம்பழமும்.

"இன்னா ஆபா, கஞ்சிக்கு வர்றதேயில்ல? உடம்பு சரியில்லியா?"

"உடம்புக்கு இன்னா. நல்லாத்தான் கீது."

"அப்புறம்?"

ஹூக்கை நூலால் இறுக்கி முடிச்சுப் போட்டு, கத்தரியைத் தேடி எடுத்து நூலை வெட்டிய பிறகுதான் பதில் சொன்னார்.

"என் அரிசி இல்லியே கலீமு அதுல. இத்தினி வருஷம் என்னுதத்தான் நான் போய் வாங்கிக்கினு வந்தேன். இப்ப தூக்குவாளிய எடுத்துக்கினு போய் நின்னா அது வேற."

கோபமாகச் சொல்லவில்லை, ரவிக்கை அளவு சொல்கிற மாதிரி சொன்னார். நான் படி இறங்கி வருகிற வழியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இருபது நாளாக அந்த மனுஷி பன்னைத் தின்று நோன்பு திறந்ததற்கு நான்தான் காரணம். அரிசியை நம்பிக் கொடுத்தவர்களுக்கு அதைக் காப்பாற்றித் தர எனக்குத் துப்பில்லை. வெட்கமாக இருந்தது.

இந்த வருஷம் டப்பா கொடுக்கும்போதே அப்துல் சமத் பாய் என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "இந்த ஒரு வருஷம் பாப்போம் கலீம். மறுபடியும் கெட்டுப்போச்சுன்னா பிடி அரிசிய உட்டுடலாம். அரிசி குடுக்க மனசுள்ள ஆளுங்க கீறாங்க. நாம எதுக்கு வண்டு வளக்கணும்?" அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் பிடி அரிசி நின்றால் ஆபா இனிமேல் எந்த ரமலானிலும் கஞ்சிக்கு வரமாட்டார். இது பாய்க்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

அந்தக் கவலையோடு திரிந்துகொண்டிருந்தபோதுதான் தங்கபுஷ்பம் ஞாபகத்துக்கு வந்தது. கே.கே. நகரில் மாடித் தோட்டக்காரர்களுக்கு விதையும், பக்கத்திலேயே பருப்பு, தானியமும் விற்கிற கடை அவருடையது. கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். பொட்டலம் ஒட்டுகிற மெஷின் கெட்டுப்போனால் எனக்குத்தான் போன் வரும். அவர் கடையில் தட்டப்பயறும் துவரையும் மாதக்கணக்கில் சாக்கில் கிடந்தும் ஒரு வண்டு பறந்து நான் பார்த்ததில்லை. ரகசியத்தைக் கேட்டேன். ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார். முகத்துக்குப் போடுகிற பவுடர் மாதிரி, அதைவிட மெல்லிய வெள்ளைத் தூசி.

"இது மண்ணுதாண்ணே. எங்க ஊர்ல தொவரைக்குச் செம்மண்ணு கட்டி வைப்போம், ஒரு பூச்சி அண்டாது. இந்த வெள்ளை மண்ணு அதுக்குத் தங்கச்சின்னு வச்சுக்கிடுங்க."

"விஷமா?"

"விஷம்னா நான் திங்குற தானியத்துல போடுவனா? வண்டு ஒடம்பு மேல மெழுகு பூசுன மாதிரி ஒரு தோலு இருக்கும். இந்தத் தூசி பட்டுப் பட்டு அந்த மெழுகு போயிரும். உள்ள இருக்க தண்ணி வத்தி, காஞ்சு செத்துரும். அம்புட்டுதான் வேல."

ஏரி அடியிலே படிந்த, கண்ணுக்குத் தெரியாத பாசிகளின் ஓடுதான் நாளடைவில் இந்த மண்ணாகிறதாம். சாப்பாட்டுத் தானியத்துக்கென்றே தனியாக வருகிறது. நூறு கிலோ அரிசிக்குக் கால் கிலோ போதும், சமைக்கும்போது இரண்டு தண்ணீர் அலசினால் போய்விடும், கலக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். "அரிசி மட்டும் நல்லாக் காஞ்சு இருக்கணும்" என்றும் சொன்னார். அரிசி என்றைக்கு ஈரமாக இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.

ஜூலையிலிருந்து ஒழுங்காகக் கலந்துவந்தேன். செப்டம்பரில் பார்த்தபோது ஒன்றும் இல்லை. அப்புறம் மழைக்காலம் வந்தது, இப்போது கையில் ஏழு வண்டு. மறுநாள் காலை ஒரு டப்பா அரிசியை எடுத்துக்கொண்டு, ரெயின்கோட் போட்டுக்கொண்டு, சண்டை போடத்தான் கே.கே. நகர் போனேன். வண்டி ஓட்டிக்கொண்டே என்ன பேச வேண்டும் என்று ஒத்திகையும் பார்த்துக்கொண்டேன்.

தங்கபுஷ்பம் சண்டைக்கு வரவில்லை. அரிசியைக் கையில் கொட்டிப் பார்த்தார். ஒரு மணியைக் கடித்தார். வண்டுகளை விட்டுவிட்டு, அரிசியில் அங்கங்கே சுண்ணாம்புத் துணுக்கு மாதிரி கிடந்த வெள்ளைக் கட்டிகளைத்தான் விரலால் நசுக்கி நசுக்கிப் பார்த்தார்.

"மண்ணு ஏன் கட்டியாச்சு? நீங்க எப்படிக் கலக்குதீக? இந்தாங்க, செஞ்சு காட்டுங்க."

ஒரு தாம்பாளத்தில் அரிசியைப் போட்டு, ஒரு சிட்டிகை மண்ணையும் போட்டு என் முன்னால் வைத்தார். நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கடைக்கு வெளியே இருந்த குழாயடிக்குப் போனேன். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். போன வருஷத்து அவமானத்துக்குப் பிறகு நானே எனக்கு ஒரு விதி போட்டுக்கொண்டிருந்தேன். இந்த அரிசி அமானத், பிறர் நம்பி ஒப்படைத்த பொருள். அதனால் தொழுகைக்குச் செய்வது போல ஒளு செய்யாமல் அதைத் தொடுவதில்லை. பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத் சொன்னதில்லை, எந்தக் கிதாபிலும் படித்ததில்லை, நானாக வைத்துக்கொண்டது. ஒளு செய்த தண்ணீரைத் துண்டால் துடைப்பதும் என் வழக்கமில்லை, தானாக உலர விட்டுவிடுவேன். அன்றைக்கும் கை, வாய், மூக்கு, முகம், முழங்கை வரை என்று முறையாக முடித்துவிட்டு, சொட்டச் சொட்ட வந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி இரண்டு கையையும் தாம்பாளத்துக்குள் விட்டேன். நன்றாகவே கலந்தேன். கையை எடுத்தபோது முழங்கை வரை வெள்ளையாக இருந்தது.

தங்கபுஷ்பம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இப்ப அந்தக் கைய என்ன செய்வீங்க?"

"கழுவுவேன்."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. தாம்பாளத்தில் இருந்த மண்ணில் பாதி என் கையில் இருந்தது, மீதி அரிசியில் கட்டியாகியிருந்தது. இருபது வெள்ளிக்கிழமையாக நான் மண்ணைக் கொண்டுபோய்ப் பள்ளிவாசல் குழாயடியில் ஊற்றியிருக்கிறேன். அதற்குப் பதிலாக டிரம்முக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறேன். காய்ந்து சாக வேண்டிய வண்டுக்கு வாராவாரம் தாகம் தீர்த்த புண்ணியவான் நான்தான்.

அவர் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு துண்டை எடுத்துவந்து நீட்டினார்.

"கழுவுறது உங்க சாமி காரியம். அத வேண்டாங்க நான் யாரு? காஞ்ச பொறவு தொடுங்க, அவ்வளவுதான். இந்த மண்ணுக்கு ஈரம் ஆகாது. ஈரமாயிட்டா அதும் சும்மா மண்ணுதான்."

அரிசியையும் முதலில் காய வைக்கச் சொன்னார். கடித்தால் டக்கென்று உடைய வேண்டுமாம், இது பல்லில் நசுங்குகிறது. "பழைய மண்ணச் சலிச்சுருங்க. நல்லாக் காய விட்டு, புதுசாப் போடுங்க. இன்னும் ரெண்டு மாசம் இருக்குல்லா, காப்பாத்திரலாம்." புது மண் பொட்டலத்துக்குக் காசு எடுத்தபோது கையை அப்படியே தள்ளிவிட்டார். "நோன்புக் கஞ்சிக்குத்தான? எங்க கடைப் பேரும் அதுல ஒரு ஓரமா இருக்கட்டும்" என்றார். சண்டை போட வந்தவன் பொட்டலத்தை ரெயின்கோட்டுக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து அமீனா பீயிடம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

"கடையில என்னைக்காச்சும் ஈரக் கையோட ஒரு ஒயரத் தொட்டிருக்கீங்களா? பேன்ட்ல பத்து வாட்டி தொடச்சிக்கினுதானே ஸ்க்ரூ டிரைவரையே எடுப்பீங்க. அரிசின்னா மட்டும் எளக்காரமா?"

உண்மைதான். முப்பது வருஷமாகச் செய்கிற தொழில் அது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவள், "நீங்க மட்டும் இல்லங்க. உல வைக்கிற கை எந்த ஊட்ல காஞ்சி கீது? அரிசி களைஞ்ச கையோடதான் நானும் டப்பாவுல போடறேன்" என்றாள். அன்று மாலையே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நாற்பது வீட்டுக்கும் ஏறி இறங்கி, இனிமேல் கையால் போடாதீர்கள், காய்ந்த கரண்டியால் போடுங்கள் என்று சொல்லிவிட்டு எட்டு மணிக்கு வந்தாள். புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. முட்டி வலிக்காரி.

அடுத்த பிரச்சினை வெயில். இருநூற்றைம்பது கிலோ அரிசியைக் காய வைக்க வேண்டும், சென்னையில் சூரியனைப் பார்த்து ஒரு வாரம் ஆகிறது. பள்ளிவாசல் ஹாலில் பரப்பி ஃபேன் போட்டால் ஈரக் காற்றுதான் சுற்றும். இதை யோசித்துக்கொண்டே திங்கட்கிழமை கோடம்பாக்கத்துக்கு ஒரு ஸ்டெபிலைசர் பார்க்கப் போனேன். ராகேஷ் என்பவரின் டப்பிங் ஸ்டூடியோ. முப்பத்தைந்து வயதிருக்கும், அப்பா காலத்திலிருந்து எனக்குப் பழக்கம். உள்ளே ஏசி நாள் முழுக்க ஓடும். மெஷின்களுக்கு ஈரம் ஆகாது என்று காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சுகிற பெட்டி ஒன்றும் ஓரத்தில் ஓடும். வேலையை முடித்து நிமிர்ந்தபோது உதடு வறண்டு, மூக்குக்குள் காய்ந்துபோயிருந்தது. நடிகர்கள் நின்று பேசுகிற அந்தப் பெரிய அறையின் தரையைப் பார்த்தேன். அரிசியைக் காய வைக்க அந்த அறை கிடைக்குமா என்று கேட்டுவிட்டேன்.

"அரிசியா?" என்றார் ராகேஷ். "எவ்ளோ பாய்?"

சொன்னேன்.

"ரோடெல்லாம் தண்ணி, ஆர்ட்டிஸ்ட் யாரும் ரெண்டு நாளைக்கு வரமாட்டாங்க. ரூம் சும்மாதான் கீது. எட்த்துக்கினு வாங்க."

பழைய மண்ணையும் வண்டுகளையும் பள்ளிவாசலிலேயே சலித்துவிட்டு, மழை விட்ட ஒரு மணி நேரத்தில் மூன்று டிரம்மையும் லோடு ஆட்டோவில் தார்ப்பாய் போட்டு மூடிக் கொண்டுபோனோம். அமீனா பீயின் புடவைகள், பள்ளிவாசலின் வெள்ளை விரிப்புகள் எல்லாவற்றையும் ஸ்டூடியோ தரையில் விரித்து, விரல் கனத்துக்கு அரிசியைப் பரப்பினோம். சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு, நடுவில் ஒரு மைக், கீழே நாற்பது வீட்டு அரிசி. ராகேஷ் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நடந்தார்.

இரண்டாம் நாள் மத்தியானம், வேலை இல்லாமல் கை ஊறியதோ என்னவோ, ஒரு தட்டில் அரிசியை அள்ளி வைத்து மைக்கை அதன் மேல் தாழ இறக்கினார். ஏசியை நிறுத்தினார். கதவைச் சாத்தினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் எதையோ திருகிக்கொண்டிருந்தவர் நெடுநேரம் அசையவில்லை. பிறகு என்னைக் கையசைத்துக் கூப்பிட்டு ஹெட்போனைக் காதில் மாட்டிவிட்டார். முதலில் வெறும் இரைச்சல். அப்புறம் காது பழகியது. பக்கத்து வீட்டில் யாரோ தனியாக உட்கார்ந்து வறுத்த கடலை மெல்வது போல, கறுக், கறுக், கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் கறுக். தட்டைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று சுத்தமான அரிசி, ஒரு பூச்சி இல்லை. சத்தம் அரிசி மணிக்கு உள்ளேயிருந்து வந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தின்னப்படுவது எந்த வீட்டுப் பிடி என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அந்த நேரத்தில் எல்லாமே ஆபாவின் பிடி என்றுதான் தோன்றியது. இவ்வளவு பேர் இவ்வளவு பாடுபட்டும் இந்த வருஷமும் போச்சு என்று முடிவே செய்துவிட்டேன். தங்கபுஷ்பத்துக்குப் போன் போட்டேன்.

"உள்ள இருக்கது புழுண்ணே" என்றார் அவர், பின்னால் யாருக்கோ விதை எடுத்துக் கொடுத்துக்கொண்டே. "அது அரிசிக்குள்ள இருக்க வரைக்கும் மண்ணு அதத் தொடாது. ஆனா வண்டாகி வெளிய வந்துதான ஆவணும்? வரட்டும். வாசல்ல மண்ணு நிக்கும். நீங்க மூடிய மட்டும் தொறக்காம இருங்க."

ராகேஷ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "பதினஞ்சு வருஷமா சவுண்டு புட்சிக்கினு கீறேன் பாய். இந்த மாதிரி ஒண்ண கேட்டதில்ல" என்றார். பிறகு, "இன்னும் ஒரு நாள் காயட்டும். நாளைக்கும் ரூம் காலிதான்" என்றார். மறுநாள் காலையில் வந்த ஒரு வேலையை அவர் வேறு ஸ்டூடியோவுக்கு அனுப்பிவிட்ட விஷயம் எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரியவந்தது, அதுவும் அவர் சொல்லித் தெரியவில்லை.

நான்காம் நாள் அரிசியைக் கடித்தால் டக்கென்று உடைந்தது. தூசி மெஷின்களுக்கு ஆகாது என்பதால் ஸ்டூடியோவில் மண் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. பள்ளிவாசலுக்குக் கொண்டுவந்து, ஒளு செய்து, துண்டால் துடைத்து, போதாதென்று கையை ஃபேனுக்கு அடியில் கால் மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்ற பிறகுதான் தொட்டேன். மூக்கில் கைக்குட்டை. வெள்ளை மண் அரிசியின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடிப் பரவியது. ஒரு கட்டிகூட விழவில்லை. இத்தனை மாதம் நான் இதைச் சரியாகப் பார்த்ததே இல்லை. மூடியை இறுக்கி, மேலே டேப் சுற்றி ஒட்டினேன். அதன் பிறகு வந்த டப்பா அரிசியைக் கடையில் ஹீட்டர் விசிறி முன்னால் காய வைத்து, மண் கலந்து, தனி டிரம்மில் போட்டேன். மூன்று டிரம்மையும் இரண்டு மாதம் திறக்கவில்லை. தொழுதுவிட்டுப் போகும்போது மூடியில் காதை வைத்துக் கேட்டுப் பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை. ஒன்றும் கேட்காது என்று தெரிந்தும் கேட்டேன்.

பிப்ரவரி இரண்டாவது வெள்ளியன்று அப்துல் சமத் பாய் முன்னால் டேப்பைக் கிழித்தேன். வாடை இல்லை. ஒரு முறம் அரிசியைச் சலித்தேன். கீழே வெள்ளைத் தூசி, அதில் கறுப்பாகச் செத்த வண்டுகள், ஐம்பது அறுபது இருக்கும். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் குச்சியால் தள்ளிப் பார்த்தார். ஒன்றும் நகரவில்லை. ஒன்றை எடுத்து விரலில் தேய்த்தார். பொடியாகப் போனது. அங்கங்கே ஓட்டை விழுந்த அரிசி இருந்தது, அதை நான் ஒளிக்கவில்லை. மூன்று டிரம்மிலும் அடிவரை கையை விட்டு அள்ளிக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"இந்தப் பவுடரு கஞ்சியில வராதே?"

"ரெண்டு தண்ணி அலசுனா போயிடும் பாய்."

"சரி. அலசறப்ப நானும் நிக்கிறேன்" என்றவர், போகும்போது திரும்பி, "வர்ற வருஷத்துக்கு டப்பா பத்துமா?" என்று கேட்டார். அவர் வெளியே போகும்வரை பொறுத்திருந்து, நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தாவில் விழுந்தேன். அமீனா பீ, தங்கபுஷ்பம், ராகேஷ் என்று ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி துஆ கேட்டேன். ஹஜ்ரத் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, எந்த ஏரியின் அடியிலோ படிந்து கிடந்த அந்த மண்ணுக்கும் சேர்த்துத்தான் நன்றி சொன்னேன்.

முதல் நோன்பன்று மத்தியானமே கஞ்சி காய்ச்சுகிற பெரிய தேக்சா அடுப்பில் ஏறிவிட்டது. கஞ்சி காய்ச்சுகிற சைஃபும் நோன்புதான், ருசி பார்க்க முடியாது, உப்பெல்லாம் குத்துமதிப்பு. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு கஞ்சிக்கு வரிசை கட்டி நின்றார்கள். ஏழாவது ஆளாக அன்வரி ஆபா, கையில் துலக்கிய தூக்குவாளி. முந்தின நாளே போய், "உங்க அரிசி நல்லா கீது ஆபா" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சைஃப் ஊற்றிய கஞ்சியை மூடிக்கொண்டு நேராகப் போய்விட்டார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டேன்.

நோன்பு திறந்து, மஃரிப் தொழுதுவிட்டு வெளியே வருகிறோம், வாசலில் ஆபா நிற்கிறார். தூக்குவாளி காலியாகக் கையில் தொங்குகிறது. அப்துல் சமத் பாய் என் பக்கத்தில் இருந்தார், பின்னால் இன்னும் பத்துப் பேர். ஆபா யாரையும் பார்க்காமல் என்னிடம் நேராக வந்தார்.

"கலீமு, இன்னா கஞ்சி காச்சிக்கீறான் அந்த சைஃபு? உப்பே இல்ல." சுண்டுவிரலை மடக்கினார். "வெந்தயத்த அள்ளிக் கொட்டிக்கீறான், கசக்குது." அடுத்த விரல். "இஞ்சி வதங்கவேயில்ல. நாப்பது ஊட்டு அரிசிப்பா அது, பாத்துச் செய்ய வேணாமா?"

சும்மா வாங்கிக் குடித்த கஞ்சிக்கு யாரும் உப்புக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. சமத் பாய் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"சொல்லுங்க ஆபா" என்றேன்.

ஆபா நான்காவது விரலை மடக்கினார்.